வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட அண்டா

சொர்ணம் அக்காவின் கதையைச் சொல்லு என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் ஆளாளுக்கு அதைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அம்மன் கோயில் அண்டாவை அவள் கம்பெனிக்கு விற்றுவிட்டாள் என்று ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறான். அண்டா கப்பலேறி ஜெர்மனிக்கே போய்விட்டது என்கிறான் இன்னொருவன். எதையும் கண்ணால் பார்க்காதவனுக்குத்தான் வாய் காது வரைக்கும் இருக்கிறது. நான் பார்த்தவன். அதனால் நான் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நான் வேன் டிரைவர். அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே இருக்கிற ஒரு ஜோனுக்கு ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் ஏற்றிக்கொண்டு போய் விடுவதும் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதும் என் வேலை. கேட் வரைக்கும்தான் எனக்கு உரிமை. உள்ளே போக அட்டை வேண்டும்.

ஜோன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு முதலாளிகள் இங்கே வந்து பணம் போட வேண்டும், நம் பொருள் கப்பலேறிப் போக வேண்டும், நடுவில் வரியும் கெடுபிடியும் நிற்கக் கூடாது என்று அரசாங்கம் சில இடங்களைச் சுற்றிச் சுவர் எழுப்பி, சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயர் வைத்திருக்கிறது. உள்ளே வரும் மெஷினுக்குச் சுங்கவரி கிடையாது. ஆனால் உள்ளேயிருந்து ஒரு பொருள் நம் பக்கம் வெளியே வந்தால், அது துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்கு மாதிரி வரி கட்டித்தான் வர வேண்டும். அதாவது வரி விஷயத்தில் அந்தச் சுவருக்கு உள்ளே இருப்பது இந்தியா இல்லை. மழை பெய்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தண்ணீர் நிற்கிறது, அது வேறு விஷயம். நான் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு அடுப்பு அந்த ஜோனால்தான் எரிகிறது. என் வேனுக்கு டியூ கட்டுவதும் அந்தக் காசில்தான்.

சொர்ணம் அக்கா அந்த ஜோனுக்குள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. முதலில் கூட்டிப் பெருக்கத்தான் போனாள். ஒரு நாள் கேன்டீன் சமையல்காரன் வரவில்லை. இவள் ரசம் வைத்தாள். அதைக் குடித்த கொரியாக்கார மேனேஜருக்கு ஒரு வாரமாக இருந்த மூக்கடைப்பு விட்டுப்போனது. அன்றிலிருந்து கேன்டீன் அவள் கையில். கழுத்தில் தொங்கும் அட்டைக்கு அவள் வைத்த பெயர் பாஸ்போர்ட். வேனில் ஏறும்போது எல்லாரையும் பார்த்து, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்காமல் உட்கார மாட்டாள். அவள் புருஷன் துலுக்கானம் அண்ணனூர் ரயில் ஷெட்டில் பெட்டி கழுவுகிறார். அவருக்குச் சின்ன வயதிலிருந்து விமானத்தில் போக ஆசை. என் பொண்டாட்டி தினம் ஃபாரின் போகிறாள், நான் அண்ணனூரைத் தாண்டவில்லை என்று அவர் புலம்புவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஜோன் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது மணவாளனுடைய நிலம். எங்கள் ஊரின் பழைய விவசாயக் குடும்பம் அது. பம்புசெட்டு நிலம் என்று பெயர். சொர்ணம் அக்காவின் அம்மா அங்கே களை பறித்தவர். இப்போது அதே இடத்தில் மகள் ஆயிரம் பேருக்குச் சாம்பார் தாளிக்கிறாள். நிலத்தை விற்ற பணத்தில் மணவாளன் வீடு மாடி மாடியாக உயர்ந்தது. மணவாளன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி தாட்சாயிணி அம்மாள் மட்டும் இருக்கிறார்.

இனி அண்டாவுக்கு வருகிறேன். எங்கள் தெரு அம்மனுக்கு ஆடி மாதம் மூன்றாவது ஞாயிறு கூழ் ஊற்றுவோம். முன்பெல்லாம் எங்களுக்கென்று அண்டா கிடையாது. மணவாளன் வீட்டில்தான் கேட்க வேண்டும். கேட்பது என்றால் முன்வாசலில் போய் அல்ல. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், மாட்டுக்கொட்டகை ஓரம் நின்று, அம்மா என்று குரல் கொடுக்க வேண்டும். அண்டா வெளியே உருண்டு வரும். கூழ் ஊற்றி முடித்ததும் எங்கள் பெண்கள் அதைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோய் அதே இடத்தில் வைப்பார்கள். உடனே அந்த வீட்டு ஆட்கள், எங்கள் கண் எதிரிலேயே, புளி போட்டு அதை மறுபடி ஒரு தடவை தேய்ப்பார்கள். அப்புறம்தான் உள்ளே எடுத்துப் போவார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டியது கிடையாது. அந்தப் புளி போதும்.

எங்கள் தெருவில் ஃபேக்டரிச் சம்பளம் வர ஆரம்பித்ததும் நாங்கள் செய்த முதல் காரியம் சொந்தமாக ஒரு பித்தளை அண்டா வாங்கியதுதான். டிவி எல்லாம் அப்புறம்தான் வந்தது. எங்கள் தெருப் பெயரைப் போட்டு, தெரு மக்கள் உபயம் என்று அதன் கழுத்தில் கொட்டை எழுத்தில் வெட்டினோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆடியில் எடுப்போம், மற்ற நாளில் கோயில் பின்னறையில் பூட்டி வைப்போம். அந்தச் சாவி வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துப் போகும்.

போன ஆயுத பூஜையின்போது சாவி சொர்ணம் அக்கா வீட்டு முறை. அதுதான் வினை. கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் எதிரில் சர்க்கரைப் பொங்கல் வைக்க வேண்டும் என்று ஹெச்.ஆர். மேனேஜர் இளங்கோ சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் போட்டோ எடுக்கத் தோன்றும் வியாதி அவருக்கு. கேன்டீனில் இருந்த எவர்சில்வர் பாய்லரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நம் பண்பாடு தெரிய வேண்டும் என்றார். அக்காவுக்கு வாய் முந்திக்கொண்டது. எங்கள் கோயிலில் ஒன்று இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டாள்.

ஒருவரையும் கேட்கவில்லை, எழுதிக் கொடுக்கவில்லை, எழுதி வாங்கவில்லை. எங்கள் தெருவில் பாத்திரம் வாய்ப்பேச்சில்தான் போகும், வாய்ப்பேச்சில்தான் வரும். எதிர்வீட்டு இட்லிப் பானைக்கு ரசீது கேட்கிறவன் உண்டா? அந்தப் பழக்கத்தை அவள் அப்படியே ஜோனுக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு ஸ்பேனரை எடுத்துப் போனாலும் திரும்ப எடுத்துவரும் பொருள் என்று கேட்டில் சீட்டு வாங்க வேண்டும். அன்றைக்குக் காய்கறி டெம்போவில் பூசணிக்காய், வாழைக்கன்று, தோரணம் எல்லாவற்றுக்கும் நடுவில் அண்டா உட்கார்ந்திருந்தது. கழுத்தில் மாலை, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் மஞ்சள் குங்குமம். கேட் செக்யூரிட்டி எட்டிப் பார்த்தார். சாமி போகிறது என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தடுப்பைத் தூக்கிவிட்டார். இதை நான் கேட் எதிரில் வேனில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன்.

பொங்கல் நன்றாக வந்தது. வெளிநாட்டார் வழித்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் அதே டெம்போவில் அண்டா திரும்ப வந்தபோது செக்யூரிட்டி தொப்பியைக் கழற்றவில்லை. பேப்பர் எங்கே என்றார். நேற்று கும்பிட்டாயே என்று அக்கா கேட்டாள். நேற்று பூஜை, இன்றைக்கு டியூட்டி என்றார் அவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, சிசிடிவி பார்த்துக்கொண்டிருந்தது.

அண்டா உள்ளே திரும்பிப் போனது. இளங்கோ அதை ஒரு ஓரத்தில் வைத்திருந்தாலும் பரவாயில்லை. வரவேற்பறையில் கண்ணாடி மேடை போட்டு, அதன் மேல் அண்டாவை வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, பிளாஸ்டிக் தாமரை மிதக்கவிட்டார். ஒரு ஜெர்மன்காரர் அதில் காசு போட்டு எதையோ வேண்டிக்கொண்டார். அவரைப் பார்த்து எல்லாரும் போட ஆரம்பித்தார்கள். இதெல்லாம் போதாதென்று, வருஷக் கணக்கெடுப்புக்கு வந்த பையன்கள் கட்டடத்தில் அசையாமல் இருந்த எல்லாவற்றின் மேலும் கம்பெனி சொத்து என்று பார்கோடு ஒட்டிக்கொண்டே வந்து, அண்டாவின் மேலும் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். குங்குமம் வைத்த இடத்திலேயே. அன்றைக்கு வேனில் ஏறிய அக்கா யாரிடமும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜோனுக்குள்ளேயே சுங்க அலுவலகம் இருக்கிறது. அங்கே கிருஷ்ணப்பிரியா என்று ஒரு அதிகாரி. வயது குறைவு, கண்டிப்பு அதிகம், ஆனால் ஒருவரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். இளங்கோவை முன்னால் தள்ளிக்கொண்டு அக்கா அவரிடம் போனாள். அண்டாவின் கழுத்தில் எங்கள் தெருப் பெயர் வெட்டியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று சொன்னாள். அந்த அம்மாவும் எழுந்து வந்து, குனிந்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். பெயர் யாருடையது என்பதைச் சொல்கிறது, எப்படி உள்ளே வந்தது என்பதைச் சொல்லவில்லையே என்றார். நியாயமாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல்.

"வெளிய போற எந்தப் பொருளுக்கும் எனக்கு இறக்குமதிக் கணக்கு வேணும்மா. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இந்தியா."

"அப்போ நா டெய்லி ஃபாரினுக்குப் போய்ட்டு வந்துகினு கீறேனா மேடம்?"

"நீங்க இல்லம்மா. மனுஷங்க எல்லாம் இந்தியாவுலதான் இருக்காங்க. பொருள்தான் இல்ல."

இதை அக்கா வேனில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அண்டா வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை முழுக்கச் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். அண்டாவை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், இளங்கோ சந்தோஷமாக எடுத்தார். பழைய பொருளை இறக்குமதி செய்வதென்றால் அது இன்னும் எத்தனை வருஷம் உழைக்கும் என்று ஒரு இன்ஜினீயர் சான்று தர வேண்டும் என்று கம்பெனியின் ஆலோசகர் கிளப்பிவிட்டார். ஒரு இன்ஜினீயர் நிஜமாகவே வந்தார். அண்டாவைத் தட்டிப் பார்த்தார், உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், ஓடுகிற பாகம் எது என்று கேட்டார். அகப்பைதான் சார், அது எங்கள் வீட்டில் இருக்கிறது என்றாள் அக்கா. ஆயுளைப் பற்றிக் கேட்டதற்கு, என் பேத்தி கல்யாணத்தையும் இது பார்க்கும், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே என்றால் எந்த மாடி என்று கேட்டுக் கேட்டு அக்காவின் கால்தான் தேய்ந்தது.

இவ்வளவும் எங்கள் தெருவுக்குத் தெரியாது. வேனில் வருகிறவர்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தோம். கோயில் காரியம் பார்க்கிறவர் ஜம்புலிங்கம். டயர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதனால் தெருவையே ஷிப்டு மாதிரி நடத்துவார். சித்திரையில் அவர் அக்கா வீட்டில் சாவி வாங்கிப் பின்னறையைத் திறந்து பார்த்துவிட்டார். அண்டா ஈயம் பூசப் போயிருக்கிறது என்று அக்கா சமாளித்தாள். வைகாசியில் கேட்டார், ஈயம். ஆனியில் கேட்டார், ஈயம். ஒரு மலைக்கு ஈயம் பூசுகிறாயா என்று கத்தினார். அதற்கு மேல் தாங்காமல் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தெருக்கூட்டம் போட்டார்கள். வாடகைக்கு எடுக்கலாமே என்று ஒருத்தன் சொன்னான். கரையான்சாவடி வாடகைக் கடையில் இருக்கிற அண்டா அத்தனையிலும் பிரியாணி வெந்திருக்கிறது, அதில் அம்மனுக்குக் கூழா என்று பெண்கள் அவன் மேல் பாய்ந்தார்கள். புதிதாக வாங்கப் பணம் பிரிக்க நேரமில்லை. கடைசியில் ஜம்புலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்றாவது ஞாயிறுக்குள் அண்டா வரவில்லையென்றால் மணவாளன் வீட்டில்தான் கேட்க வேண்டும் என்றார். வயதான பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தருக்கும் அந்தப் புளி ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

சொர்ணம் அக்கா எழுந்து நின்றாள்.

"அந்த ஊட்டு அண்டாவுல இந்த வருசம் கூழு காச்ச மாட்டோம் நைனா. நம்ப அண்டாவுலதான் காச்சறோம். நா சொன்னா சொன்னதுதான்."

எப்படி என்று அவர் கேட்டார். அவளுக்கே தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள். என்னிடம் மறுநாள் காலையில் வேனில் அதைச் சொல்லி, வாயை வெச்சுகினு சும்மா இருக்க முடியல பாரு என்று தன் வாயிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டாள்.

வழி கிடைத்தது கிருஷ்ணப்பிரியாவிடமிருந்துதான். ஃபைலைப் பற்றிக் கேட்கப் போன ஒரு மத்தியானம் அந்த அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா சும்மா ஒரு பேச்சுக்கு, சாப்பாட்டு டப்பாவுக்கும் கணக்கு உண்டா மேடம் என்று கேட்டாள். அவரவர் சாப்பாட்டுக்கு என்ன கணக்கு என்று அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினாள்.

அண்டா இந்தியாவுக்கு வர முடியாது. கூழ் வரலாம்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆடித் திருவிழாவைக் கம்பெனியில் கொண்டாடலாம் சார், கூழ் காய்ச்சுவதைப் போட்டோ எடுக்கலாம் என்று இளங்கோவிடம் சொன்னாள். அவர் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. அந்த வாரம் அவசர ஆர்டர், சனிக்கிழமை இரவு ஷிப்டும் உண்டு. கேன்டீனுக்கு வந்த மளிகையோடு கேழ்வரகு மாவும் நொய்யும் வந்தன. எங்கள் ஊர்க் கேழ்வரகு ஏற்றுமதியானது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பகலில் வரவேற்பறையிலிருந்து அண்டாவை இறக்கி, தாமரையைத் தூக்கிப் போட்டு, காசையெல்லாம் உண்டியலுக்கென்று முடிந்து வைத்து, தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். மஞ்சள் வைத்தாள். தீ எட்டிய இடத்தில் பார்கோடு சுருண்டு, கருகி, உதிர்ந்தது. கம்பெனி சொத்துக் கணக்கிலிருந்தும் அண்டா அன்றைக்கே கழன்றுவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பாள்.

கூழைக் கெட்டியாகக் காய்ச்சினாள். வீட்டுக்கு வந்ததும் மோர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம், அளவு பெருகும் என்பது கணக்கு. கம்பெனி ஆட்கள் ஒரு பங்கு குடித்தார்கள். மீதி, இரவு ஷிப்டில் இருந்த மேனாம்பேட்டு ஆட்களின் டிபன் பாக்ஸில் ஏறியது. அன்றைக்கு வேலைக்கு வந்த ஒவ்வொருத்தரும் வீட்டில் இருந்ததிலேயே பெரிய அடுக்குக் கேரியராகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். அக்காவின் மகள் பானுப்பிரியாவும் அந்த ஷிப்டில்தான் ஒயர் கட்டுகிறாள், அவள் கொண்டுவந்தது கல்யாணத்துக்குச் சீர் வைக்கிற கேரியர்.

ஞாயிறு காலை நான் கேட் எதிரில் வேனை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஆட்கள் வரிசையாக வந்தார்கள். எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள், கேரியர் அவ்வளவு கனம். செக்யூரிட்டி முதல் டப்பாவைத் திறந்தார், கூழ். இரண்டாவதைத் திறந்தார், கூழ். மூன்றாவதைத் திறப்பதற்கு முன்னாலேயே கூழா என்று கேட்டார், ஆமாம் என்றார்கள். அவருக்குச் சந்தேகம் வந்து உள்ளே ஓடினார். அன்றைக்குப் பார்த்து ஒரு கன்டெய்னர் அனுப்புவதற்காகக் கிருஷ்ணப்பிரியா வந்திருந்தார். அவரே கேட்டுக்கு வந்துவிட்டார். கூழ் போச்சு, தெரு மானமும் போச்சு என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். சீர் கேரியரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எல்லாம் உங்க சாப்பாடாம்மா?"

"எங்க சாப்பாடுதான் மேடம். ஒரு பொட்டு விக்கறதுக்கு இல்ல."

"அண்டா?"

"உள்ளதான் கீது. நீங்க போயி பாக்கலாம்."

அந்த அம்மா நிஜமாகவே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த நேரம் எங்களுக்கு ஒரு யுகம். திரும்பி வந்து, அண்டா இருக்கிறது, அப்புறம் என்ன, சாப்பாடு ஆறிவிடப் போகிறது, போங்கள் என்றார். செக்யூரிட்டி தடுப்பைத் தூக்கினார். இந்தத் தடவையும் தொப்பியைக் கழற்றினார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, பழக்கமாக இருக்கும்.

வேனில் வழி முழுக்க ஒரே கூச்சல். துண்டை எடுத்துச் சுற்றினார்கள், குலவை போட்டார்கள். என் சீட்டெல்லாம் கூழ். நானும் விடாமல் ஹாரன் அடித்தேன்.

கோயிலுக்கு வந்து இறங்கினால், பந்தலுக்கு நடுவில் ஒரு அண்டா உட்கார்ந்திருந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மணவாளன் வீட்டு அண்டா. அடுப்பு மூட்டத் தயாராக இருந்தது. ஜம்புலிங்கம் பக்கத்தில் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். விடிகாலையிலேயே போய் வாங்கி வந்துவிட்டாராம். அம்மன் காரியம், நின்றுபோனால் என்ன செய்வது என்று பயம் வந்துவிட்டதாம். சொர்ணம் அக்கா கேரியரைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"எந்த வாசல்ல நின்ன நைனா?"

அவர் கையில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பின்னாடி."

"யார்னா அங்க போயி நில்லுன்னு சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சொர்ணம். காலு தானா அங்க பூட்ச்சி."

அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேல் இல்லை. யார் மேல் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டகை இடிந்து எத்தனையோ காலம் ஆகிறது, இப்போது அங்கே கார் நிற்கிறது. காருக்குப் பக்கத்தில் போய் நின்று அம்மா என்று குரல் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

அக்கா வேலையைப் பார்த்தாள். கேரியர்களை அம்மன் எதிரில் வரிசையாக வைத்துப் படைத்தார்கள். அந்தந்த வீட்டுக் குடத்தில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் கிள்ளிப் போட்டு, தெரு முழுக்க ஊற்றினார்கள். எங்கள் அண்டாவில் காய்ச்சிய கூழைத்தான் எங்கள் தெரு குடித்தது. மணவாளன் வீட்டு அண்டா காலியாகவே நின்றது. எல்லாரும் குடித்து முடித்ததும், மீதி இருந்த கூழையெல்லாம் அந்த அண்டாவில் ஊற்றச் சொன்னாள். பாதிக்கு மேல் வந்தது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றாள். அது எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான், இதுவரை எங்களை யாரும் அதைச் செய்யவிடவில்லை, அவ்வளவுதான்.

அண்டாவை வேனில் ஏற்றினோம். சிந்தாமல் ஓட்டு என்று வழி நெடுக என்னை வறுத்தெடுத்தாள். மணவாளன் வீட்டு முன்னால் நிறுத்தினேன். நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினோம். அவள் முன்னால் போய், முன்வாசல் கேட்டைத் திறந்து, படியேறி, காலிங் பெல்லை அழுத்தினாள். அழுத்திவிட்டு விரலை எடுக்கவில்லை.

தாட்சாயிணி அம்மாள் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், அவர் கண் தானாகவே வீட்டின் பக்கவாட்டுச் சந்துப் பக்கம் போய் வந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பின்னாடி தூக்கினு போனா சிந்திப்பூடும்மா, கூழு கீது என்றாள். நாங்கள் அண்டாவை முன்வாசல் படியிலேயே வைத்தோம். இது எங்கே காய்ச்சியது, உங்கள் அண்டாவைத்தான் வெளியே விடவில்லை என்று ஜம்புலிங்கம் சொன்னானே என்று அவர் கேட்டார்.

"ஃபாரின்ல காச்சனது மா. உங்க பம்புசெட்டு நெலத்துல."

தாட்சாயிணி அம்மாள் உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். மொண்டு, நின்றபடியே குடித்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு பத்தல," என்றார்.

அடுத்த வருஷம் போட்டுவிடலாம் என்றாள் அக்கா. பிறகு அவர் உள்ளேயிருந்து குண்டான்களைக் கொண்டுவந்து கூழை மாற்றினார். அண்டாவை விட்டுவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அக்கா படியை விட்டு நகரவில்லை. எதற்கு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும். அவர் முன்பக்கக் குழாயைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்தார். அண்டாவில் ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றிச் செடியில் கொட்டினார். முந்தானையால் விளிம்பைத் துடைத்தார். பிறகு அந்த வயதில், ஒருவரையும் கூப்பிடாமல், அதை உருட்டி உருட்டி முன்வாசல் வழியாகவே உள்ளே கொண்டுபோனார்.

வேனைக் கிளப்பினேன். ரயில்வே கேட் வரைக்கும் வந்தோம். கேட் மூடியிருந்தது. அண்ணனூர்ப் பக்கம் போகிற காலி ரயில் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பாத்தியாப்பா? புளி போடல."

"பாத்தேங்கா."

ரயில் போய், கேட் தூக்கினார்கள். நான் கியரைப் போட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"புளி வெல ஏறிப்போச்சு போலக் கீது," என்றாள்.